நான்கெழுத்துப் பொதுக்களஞ்சியம்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

இலக்கணம் கற்பிக்கும் ஓர் ஆசிரியன் மரபணுவைப் பற்றிப் பேசப் புகுந்தது ஏன் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நானும் அவ்வாறே எண்ணித் தயங்கியவன்தான். ஆயினும், என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் தமிழ் பயின்று இன்று உயிரியல் ஆய்வகம் ஒன்றில் பணியாற்றும் மாணவர் ஒருவர், சென்ற கோடையில் என் இல்லம் வந்தபோது தம் கணிப்பொறியைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். மேலிருந்து கீழ்வரை நான்கே எழுத்துகள் மாறிமாறி வந்துகொண்டிருந்தன. சொற்பிரிப்பு இல்லை, நிறுத்தக்குறி இல்லை, பொருள் எங்கே தொடங்குகின்றது, எங்கே முடிகின்றது என்று காட்டுவாரும் இல்லை. "ஐயா, நீங்கள் வகுப்பிற்குக் கொண்டுவந்த ஓலைச்சுவடி நினைவிற்கு வருகின்றதா?" என்று கேட்டார். வந்தது. அதனால்தான் இன்று உங்கள்முன் நிற்கின்றேன்.

உயிரணுக்குள் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உண்டு. அடினின், தைமின், குவனின், சைட்டோசின் என்னும் நான்கு பொருள்கள் அவ்விழையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டுள்ளன. அ, தை, கு, சை என நாம் முதலெழுத்தால் குறித்துக்கொள்வோம். நெல்லை நெல்லாகவும் நண்டை நண்டாகவும் ஆக்குவது இந்நான்கெழுத்தின் முறைவைப்பே. மாந்த உயிரணுவில் தாய்வழி வந்த படி ஒன்றும் தந்தைவழி வந்த படி ஒன்றும் உள. படி ஒன்றிற்கு ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். இவற்றை எழுத்தெழுத்தாகப் படித்தறியும் நல்ல முறையொன்றை இங்கிலாந்தின் பிரெடெரிக்கு சாங்கர் 1977-இல் வெளியிட்டார். அதே ஆண்டில் அமெரிக்க அறிஞர் இருவர் வேறொரு முறையை வெளியிட்டனர். படிக்கும் வழி திறந்தவுடன் அடுத்த கேள்வி எழுந்தது: படித்தவற்றை எங்கே வைப்பது? யார் வைப்பது? யார் எடுத்தாள்வது? நான் பேச வந்தது இக்கேள்வியைப் பற்றித்தான்.

கல்லூரியில் நான் பயின்ற நாளில் எங்கள் பேராசிரியர் ஒருவர் ஒரு சிற்றூர் வீட்டில் சுவடிக்கட்டு இருப்பதறிந்து என்னையும் உடனழைத்துச் சென்றார். வீட்டுப் பெரியவர் எங்களை அன்போடு வரவேற்று மோர் தந்தார்; சுவடியை மட்டும் தரவில்லை. "எங்கள் பாட்டன் சொத்து, வெளியே போகாது" என்றார். படியெடுத்துக்கொள்ளவும் இசையவில்லை. நான்காண்டு கழித்து மீண்டும் போனபோது அக்கட்டைக் கரையான் தின்றிருந்தது. அதில் என்ன நூல் இருந்தது என்று அறிந்தவர் இன்று எவருமில்லை. மரபணுப் பொதுக்களஞ்சியங்களின் வரலாற்றை அறிந்தபோது, அந்த வீட்டுத் திண்ணையே மீண்டும் மீண்டும் என் கண்முன் நின்றது.

இவ்வரலாற்றில் முதலில் போற்றத்தக்கவர் மார்கரெட்டு தேயாப்பு என்னும் அமெரிக்க அம்மையார். டி.என்.ஏ. எழுத்தைப் படிக்கும் முறைகள் வருவதற்கு முன்பே, புரதங்களின் உறுப்பு வரிசைகளை ஆய்விதழ்களிலிருந்து திரட்டி 1965-இல் ஒரு பொத்தகமாக வெளியிட்டார். அதில் இருந்தவை 65 புரதங்களே. சிதறிக் கிடந்தவற்றை ஓரிடத்தில் தொகுத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஒப்பிட்டால் உறவு தெரியும் என்று கண்டவர் அவர். எட்டுத்தொகையைத் தொகுத்தாரையும் தொகுப்பித்தாரையும் நாம் மறவாதிருப்பது போலவே அவரையும் மறத்தலாகாது. ஆயினும் அத்தொகுப்பு விலைக்கு விற்கப்பட்டது. அதற்குப் பதிப்புரிமையும் இருந்தது. தம் உழைப்பை இலவயமாகத் தந்த ஆய்வாளர்கள், தாம் தந்ததையே விலைகொடுத்துப் பெறுவதா என்று முணுமுணுத்தனர்.

1982-இல் அமெரிக்க அரசு ஒரு பொது வைப்பகம் அமைக்கப் பணம் ஒதுக்கியபோது, அப்பணி தேயாப்பு அம்மையாரின் குழுவிற்குக் கிட்டவில்லை. வால்ட்டர் கோடு என்பவரின் இலாசு அலமோசு குழுவினர் உள்ளடங்கிய அணிக்கே கிட்டியது. தொகுத்தவற்றின்மீது எவ்வுரிமையும் கொண்டாடோம், எல்லார்க்கும் திறந்து வைப்போம் என்று அவர்கள் உறுதி கூறியது அதற்கு ஒரு பெருங்கரணியம். அணுகுண்டு செய்த அதே இலாசு அலமோசுதான் இது! கொலைக்கருவி பிறந்த ஊரில் உயிரெழுத்தின் பொது அறையும் பிறந்தது. அம்மையார் அடுத்த ஆண்டே மறைந்தார். முன்னோடி ஒருவர்க்கு இப்படியொரு முடிவு நேர்ந்தது எனக்கு வருத்தமே. எனினும் தேர்வு சரியானது என்றே கருதுகின்றேன்.

அவ்வாறு அமைந்ததே சென்பாங்கு என்னும் வைப்பகம். செருமனியின் ஐடல்பெர்க்கு நகரில் ஐரோப்பியர் அமைத்த வைப்பகமும் அதே ஆண்டில் தன் முதற்பதிப்பை வெளியிட்டது. பின்னாளில் அது கேம்பிரிட்சுக்கு அருகே இடம்பெயர்ந்தது. சப்பானின் மிசிமா நகரில் மூன்றாவது வைப்பகம் 1980களின் பிற்பகுதியில் எழுந்தது. இம் மூன்றும் போட்டியிட்டுப் பிரிந்து நில்லாமல், ஒன்றில் சேர்ந்தது மற்றிரண்டிலும் சேருமாறு நாள்தோறும் பரிமாறிக்கொள்கின்றன. எந்நாட்டு மாணவனும் கட்டணமின்றி, பெயர்கூடத் தராமல், எடுத்துக்கொள்ளலாம்.

தொடக்கத்தில் இவற்றுள் எழுத்துகள் சேர்ந்த வகை நமக்குப் பழகிய வகையே. ஆய்விதழ்களை வரவழைத்து, அச்சிட்ட வரிசையைப் பார்த்துப் பார்த்து, ஊழியர்கள் விரலால் தட்டிச் சேர்த்தனர். ஏடெழுதுவோர் செய்த பிழைகள் அத்தனையும் அவர்களும் செய்தனர்: எழுத்து விடுபட்டது, இரட்டித்தது, இடம்மாறியது. அச்சில் வந்தது களஞ்சியம் சேர ஓராண்டிற்கும் மேலாயிற்று. அதற்கு ஒரு நல்ல மருந்து கண்டனர். முதலில் வைப்பகத்தில் ஒப்படைத்துச் சேர்வெண் பெற்று வா, பின்னரே உன் கட்டுரையை அச்சிடுவோம் என்று ஆய்விதழ்கள் 1980களின் இறுதியில் ஒவ்வொன்றாகக் கட்டளையிட்டன. அறிஞனுக்குப் புகழ் வேண்டும். புகழுக்குக் கட்டுரை வேண்டும். கட்டுரைக்குச் சேர்வெண் வேண்டும். அறிவுரையால் ஆகாதது ஒரு விதியால் ஆயிற்று. நம் ஊர்ப் பெரியவர்க்கு அன்று அப்படியொரு கட்டாயம் இருந்திருந்தால்!

இச்சேர்வெண்ணைப் பற்றிப் பதிப்புப்பணியில் ஈடுபாடுடையோர்க்கு ஒரு செய்தி சொல்வேன். ஒப்படைத்தவர்க்கே அப்பதிவில் திருத்தும் உரிமை. பிறர் கைவைக்க முடியாது. திருத்தினால் எண்ணின் பின்னே ஒரு புள்ளியிட்டு இரண்டாம் வடிவு, மூன்றாம் வடிவு என்று குறிப்பர். பழைய வடிவும் அழியாது. மூல ஏட்டைத் தம் விருப்பம்போல் திருத்திவிட்டு மூலத்தையும் மறைத்துவிட்ட பதிப்பாசிரியர் சிலரால் நாம் பட்டபாடு உங்களுக்குத் தெரியும். இம்முறை அவர்களிடம் இருந்திருந்தால் நம் பாடவேறுபாட்டுப் பூசல்களில் பாதி தீர்ந்திருக்கும்.

சென்பாங்கில் 1982 திசம்பரில் இருந்த வரிசைகள் 606. எழுத்துகள் ஏழு இலக்கத்திற்கும் குறைவு. 2024-ஆம் ஆண்டுக் கணக்கில் வரிசைகள் 470 கோடிக்கு மேல். எழுத்துகள் 34 இலக்கம் கோடி.

இத்தனை எழுத்தைக் குவித்து என்ன பயன்? ஒரு நிகழ்ச்சி சொல்வேன். அமெரிக்காவின் இரசல் தூலிட்டில் என்பவர் தம் சொந்த முயற்சியால் புரத வரிசைகளைத் திரட்டி வைத்திருந்தார். 1983-இல், குரங்கிற்குப் புற்று உண்டாக்கும் நச்சுயிரி ஒன்றின் மரபணுவை அத்திரட்டோடு ஒப்பிட்டார். காயம் ஆறும்போது உயிரணுக்களை வளரத் தூண்டும் ஒரு புரதத்தோடு அது ஏறத்தாழ அப்படியே ஒத்திருந்தது. இலண்டன் குழுவொன்றும் அவ்வாண்டே இதனைக் கண்டது. 'வளர்க' என்னும் ஆணை நில்லாமல் ஒலிப்பதும் புற்றிற்கு வழி என்று அப்போது விளங்கிற்று. இதனைக் காட்டியது புதிய ஆய்வுக்கூட முயற்சியன்று, ஒப்பீடு. சொல்லடைவு வைத்துக்கொண்டு ஒரு சொல் புறநானூற்றில் எங்கே, குறுந்தொகையில் எங்கே என்று தேடுகின்றோமே, அதே வேலை.

பொதுமைக்குப் பெருஞ்சோதனை 1990களில் வந்தது. மாந்தனின் முழு மரபெழுத்தைப் படிக்கும் பன்னாட்டுப் பணியில் இருந்தோர் 1996 பிப்பிரவரியில் பெர்முடாத் தீவில் கூடி, படித்த வரிசையை 24 மணிநேரத்திற்குள் பொதுவில் வைப்பது என்று முடிவு செய்தனர். இங்கிலாந்தின் சான் சல்சுட்டன் இதில் முன்னின்றவர். ஈராண்டு கழித்துக் கிரெய்கு வெண்டர் என்பாரின் செலெரா நிறுவனம், அதே பணியை விரைந்து முடித்துத் தன் தொகுப்பை ஆய்வாளர்க்குக் கட்டணத்திற்குத் தருவோம் என்று களமிறங்கிற்று. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பொதுப்பணியினர் நாள்தோறும் வெளியிட்டதை அந்நிறுவனமும் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது. தான் படித்ததை மட்டும் வேலிக்குள் வைத்தது. ஊர்க்கிணற்றில் நீரெடுத்துத் தன் கிணற்றைப் பூட்டுவது போன்றது அது. 2000 சூன் 26-இல் இருதரப்பினரும் ஒரே மேடையில் நின்று முதல் வரைவு முடிந்ததென அறிவித்தனர். பொதுவில் வைத்தது உடனே உலகெங்கும் பரவிற்று. வேலிக்குள் வைத்ததை விலைகொடுத்து வாங்குவார் குறைந்தனர். 2005-இல் செலெராவும் தன் எழுத்தைப் பொது வைப்பகத்தில் ஒப்படைத்தது.

2020 சனவரியில் நடந்தது உங்களுக்கு நெருக்கமானது. நாம் அனைவரும் வீட்டுக்குள் அடைபடுவதற்குச் சற்று முந்திய காலம். ஊகானிலிருந்து வந்த நோயாளி மாதிரியொன்றிலிருந்து புதிய நச்சுயிரியின் எழுத்தைச் சாங்காய் நகரின் சாங்கு யோங்சென் குழுவினர் படித்தனர். அரசின் தடைகளிடையே, சனவரி 11-இல், ஆத்திரேலிய அறிஞர் எட்வர்டு ஓம்சு வழியாக அதனை உலகறிய வெளியிட்டனர். மறுநாளே அவர் ஆய்வகத்தை மூடுமாறு ஆணை வந்தது. ஆனால் எழுத்து வெளியேறிவிட்டது! மாடர்னா நிறுவனம் ஓரிரு நாளில் அவ்வெழுத்தைக் கொண்டே தடுப்பூசியை வரைந்தது. மார்ச்சு 16-இல் முதல் ஆய்வூசி ஒருவர் தோளில் ஏறிற்று. அவ்வூசியை வரைவதற்கு நோயுயிரி ஊர்விட்டு ஊர் போகவேண்டியிருக்கவில்லை, எழுத்தே போதியதாயிற்று. அம்முதல் வெளியீட்டில் 30,473 எழுத்துகள் இருந்தன. இறுதிப்பகுதி பிழையென்று கண்டு திருத்தினர். மூன்றாம் வடிவில் 29,903. சேர்வெண்ணின் பின்னுள்ள புள்ளியின் பயன் இதுவே.

இத்துணையும் கேட்டபின், எல்லாவற்றையும் எவர்க்கும் திறந்து வைப்பதே அறம் என்று முடிவுகட்டிவிடலாம் போலத் தோன்றும். எனக்கு அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. எடுப்பவர்க்குக் கதவு திறந்திருக்கின்றது. கொடுத்தவர் எங்கே நிற்கின்றார் என்றும் பார்க்கவேண்டும்.

இந்தோனேசியா தன் மக்களைக் கொன்ற பறவைக்காய்ச்சல் நச்சுயிரியின் மாதிரிகளை உலக நலவாழ்வு அமைப்பிற்கு அனுப்பி வந்தது. அவற்றைக் கொண்டு அயல்நாட்டு நிறுவனமொன்று தடுப்பூசி செய்ய முற்பட்டதை அறிந்து, எங்கள் நோயிலிருந்து செய்த மருந்தை எங்களுக்கே எட்டாத விலைக்கு விற்பதா என்று கேட்டு, மாதிரி அனுப்புவதை நிறுத்திற்று. 2007-இல் இது உலகச் செய்தியாயிற்று. பெயர் பதிந்து, கொடுத்தவரைச் சுட்டுவதாக உறுதி தந்தே எடுக்கவேண்டும் என்னும் விதியுடைய கிசெய்டு என்னும் தனிக்களஞ்சியம் 2008-இல் தோன்றியது இத்தகைய மனக்குறைகளின் பின்னணியில்தான்.

என்றியெட்டா இலாக்சு என்னும் கருப்பினப் பெண்மணி 1951-இல் பால்டிமோர் நகரில் புற்றுநோயால் மறைந்தார். அவரைக் கேளாமல் எடுத்த உயிரணுக்கள் இன்றும் உலக ஆய்வகங்களில் வளர்கின்றன. 2013 மார்ச்சில் அவ்வுயிரணுவின் முழு எழுத்தையும் ஐரோப்பிய ஆய்வாளர்கள் பொதுவில் வைத்தனர், குடும்பத்தாரைக் கேட்கவில்லை. பேத்தியின் உடலிலும் பாட்டியின் எழுத்து ஓடுகின்றதன்றோ? குடும்பம் வருந்திக் கேட்டபின் அதனைத் திரும்பப் பெற்றனர். அவ்வாண்டு ஆகத்துத் திங்களில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: வேண்டுவோர் விண்ணப்பிக்கவேண்டும், விண்ணப்பத்தை ஆராயும் குழுவில் குடும்பத்தார் இருவர் இருப்பர்.

பயிர், விலங்கு, நுண்ணுயிர் ஆகியவற்றின் எழுத்தை எடுத்து ஆதாயம் காணும் பெருநிறுவனங்கள், ஆதாயத்தில் 1 விழுக்காடு அல்லது வருவாயில் 0.1 விழுக்காடு பொதுநிதிக்குத் தரவேண்டுமென 2024-இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய நாடுகள் ஒப்புக்கொண்டன. அதில் பாதியேனும் பழங்குடியினர்க்கும் அவ்வவ் வட்டார மக்களுக்கும். நல்ல முடிவு, ஆனால் 'தருக' என்றுதான் சொல்கின்றது, தராதவரை என்ன செய்வதென்று சொல்லவில்லை.

இனி நம்மைப் பற்றி. ஆயிரம் மரபெழுத்துத் திட்டம் என்றொரு பன்னாட்டுப் பணி 2015-இல் நிறைவுற்றது. 26 மக்கட்குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் எழுத்து அதில் உண்டு. அந்த 26-இல் ஒன்று, பிரித்தானியாவில் வாழும் ஈழத்தமிழர்: 102 பேர். பெயரில்லை, ஊரில்லை, ஓர் எண்ணும் ஆணா பெண்ணா என்னும் குறிப்பும் குழுப்பெயரும் மட்டுமே. அவர்கள் ஒப்புதல் தந்தே குருதி கொடுத்தனர். மருத்துவ ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினரின் எழுத்தை வைத்தே நடப்பதால், களஞ்சியத்தில் இல்லாத மக்களின் நோய்க்கூறு ஆய்வாளர் கண்ணிற்படுவது அரிது. அவ்வகையில் அந்த 102 பேரும் நமக்குச் செய்தது பெருங்கொடை. ஆயினும் பெயரை மறைத்தால் ஆளை மறைத்ததாகிவிடாது. அதே திட்டத்தின் வேறொரு குழுவைச் சேர்ந்தவர்கள் உட்பட ஏறத்தாழ 50 பேரை, பொதுவில் கிடைக்கும் குடிவழிப் பட்டியல்களோடு ஒப்பிட்டே அடையாளம் காணலாம் என்று 2013-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். நடுவணரசு ஏறத்தாழ 10,000 இந்தியரின் எழுத்தைப் படித்து, 2025 சனவரியில் பரீதாபாத்து வைப்பகத்தின் வழியாக ஆய்வாளர்க்குத் திறந்தது. அங்கே விண்ணப்பித்து இசைவு பெற்றே எடுக்கவேண்டும். நச்சுயிரியின் எழுத்திற்குப் பூட்டில்லாக் கதவும், மாந்தனின் எழுத்திற்குக் கேட்டுத் திறக்கும் கதவும் இருப்பதே பொருத்தம் என்பது என் எண்ணம். இங்குள்ள இளையோர் மறுத்துரைத்தால் மகிழ்வேன்.

அந்த மாணவர் அடுத்த திங்கள் கூட்டத்திற்குக் கணிப்பொறியோடு வர இசைந்துள்ளார். 102 பேரில் ஒருவரின் எழுத்தைத் திறந்து, அதில் ஒரு மரபணுவை நம் கண்முன் தேடிக் காட்டுவார். வழக்கம்போல் மாலை ஆறு மணிக்குத் தொடங்குவோம்.