ஒரு பூச்சியே போதும்

(வேளாண் மாணவர்களும் அலுவலர்களும் கூடிய கருத்தரங்கில் ஆற்றிய உரை)



செடிகளின் சாற்றை உறிஞ்சி வாழும் செதிள் பூச்சிகளுள் 'ஐசிரியா பர்ச்சேசி' தனித்தன்மை வாய்ந்தது. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட இது, வெண்பஞ்சுத் திண்டு போன்றதொரு பையில் பல நூறு முட்டைகளை இடுகின்றது.

பார்வைக்குப் பெண்ணாகத் தோன்றும் இப்பூச்சி உண்மையில் ஓர் இருபால் உயிரி. அதன் இனப்பெருக்க உறுப்பில் முட்டையும் விந்தணுவும் ஒருங்கே உருவாகின்றன. தன் முட்டைகளைத் தானே கருவுறச் செய்துகொள்கின்றது. அம்முட்டைகள் மீண்டும் இருபால் பூச்சிகளாகவே வளர்கின்றன. கருவுறாத முட்டைகளிலிருந்து ஆண் பூச்சிகள் தோன்றுகின்றன. அவை மிகச் சிலவே. அவற்றின் உயிரணுக்களில் ஒற்றைத் தொகுதிக் குரோமோசோம்களே உள்ளன. பூச்சியுலகில் இருபால் தன்மை மிக அரிது. சாலி ஹியூஸ்-ஷ்ரேடர் என்னும் அமெரிக்க அறிஞர் 1920-களில் இதனை நுணுகி ஆராய்ந்தார்.

இது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் செய்தியன்று. ஒரு நாட்டில் இப்பூச்சி வேரூன்ற ஆணும் பெண்ணுமாக இரண்டு நுழைய வேண்டுவதில்லை. நாற்றில் ஒட்டிவரும் ஒரே இளம்பூச்சி ஒரு குடியிருப்பையே தோற்றுவிக்க வல்லது.

1868 வாக்கில் கலிபோர்னியாவை அடைந்த இப்பூச்சி, இருபது ஆண்டுகளுக்குள் அங்குள்ள ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களை அழிவின் விளிம்பிற்குத் தள்ளிற்று. 1888-இல் ஆஸ்திரேலியா சென்ற ஆல்பர்ட் கோபெலே, இதனையே பெரிதும் உண்டு வாழும் 'வெடாலியா' என்னும் பொறிவண்டை அங்கிருந்து அனுப்பிவைத்தார். ஈராண்டுகளுக்குள் தோட்டங்கள் மீண்டன. நம் நாட்டில் 1928-இல் நீலகிரியின் சீகை மரங்களில் இப்பூச்சி காணப்பட்டபோதும், அப்பொறிவண்டையே வரவழைத்து விட்டனர்.

ஆயினும் நண்பனைக் காக்கத் தவறினால் பகைவன் திரும்புவான். 1940-களில் கலிபோர்னியத் தோட்டங்களில் டி.டி.டி. தெளித்தபோது பொறிவண்டுகள் மடிந்தன. செதிள் பூச்சிகள் மீண்டும் பெருகின. ஆகவே மருந்து தெளிக்கப் பரிந்துரைக்கும் அலுவலர், அது எவற்றையெல்லாம் கொல்லும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அயல்நாட்டுச் செடிகளைச் சோதிப்பதற்கு 1914-ஆம் ஆண்டின் அழிவுப் பூச்சிகள் சட்டமும், அதன்கீழ் 2003-இல் பிறப்பிக்கப்பட்ட ஆணையும் வகை செய்கின்றன. துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ ஓர் இலையைத் திருப்பிப் பார்க்கும் அலுவலர், "ஒன்றுதானே இருக்கிறது" என்று அதனை விட்டுவிடலாகாது. இப்பூச்சியைப் பொறுத்தவரை, ஒன்று என்பதே ஒரு தலைமுறையின் தொடக்கம்.