மூடுபனியும் மின்விளக்கும்



குன்னூரில் காலை பத்து மணிக்கு நல்ல வெயில் காயும். பத்தேகாலுக்கு மூடுபனி வந்து வகுப்பறைச் சன்னலை அடைத்துக்கொள்ளும். ஆசிரியர் எழுந்து விளக்கைப் போடுவார். பனி விலகியபின் அதனை அணைப்பார் எவருமிலர். பல்லாண்டு தலைமையாசிரியனாக இதனைக் கண்டவன் நான். வெளிச்சம் குறையக் குறைய விளக்கை ஏற்றி, கூடக் கூடத் தணிக்கும் மின்சுற்று இன்று எளிதிற் கிட்டுகிறது. அதற்குக் கண்ணாக அமைவது ஒளியுணரி. அந்தக் கண்ணைத் தேர்ந்தெடுப்பதிலேதான் எல்லாம் இருக்கிறது.

மலிவானது காட்மியம் சல்பைடு பூசிய சிறு வில்லை. ஒளி பட்டால் அதன் மின்தடை குறையும். 1873-இல் வில்லோபி ஸ்மித் என்னும் ஆங்கிலேயர் செலினியத்திற் கண்டறிந்த இயல்பே இது. ஏறத்தாழ நம் கண் காணும் நிறங்களையே இவ்வில்லையும் காணும். ஆயினும் முன்பு கண்ட வெளிச்சத்தை இது எளிதில் மறவாது. அதனால் ஒரே கேள்விக்கு இருவேறு விடை கூறும். அப்படிப்பட்ட மாணாக்கரையும் நான் அறிவேன்! காட்மியம் நஞ்சாகையால் ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் மின்கருவிகளில் அதனைக் கட்டுப்படுத்தியுள்ளது. தெருவிளக்கை மாலையில் ஏற்றிக் காலையில் அணைக்க இவ்வில்லை போதும். படிப்படியாகத் தணிக்கும் வேலைக்கு ஏற்றதன்று.

சிலிக்கான் போட்டோ டையோடு விரைவானது, அளவு பிறழாதது. அதன் குறை வேறு. நம் கண் மிகுதியாக உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சையொளியை. சிலிக்கானோ 900 நானோமீட்டரை ஒட்டிய, நமக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரையே பெரிதும் உணரும். வெயிலில் அக்கதிர் மிகுதி, எல்.ஈ.டி. விளக்கிலோ இல்லையென்றே சொல்லலாம். ஆகவே சன்னலோரம் சிறிது வெயில் விழுந்தாலும் வெளிச்சம் போதுமென்று கொண்டு விளக்கைத் தணித்துவிடும். கரும்பலகை தெரியாமல் கண்ணை இடுக்குபவன் கடைசி வரிசைப் பிள்ளை.

கண்ணின் இயல்புக்கு ஒத்தவாறு திருத்தியமைத்த சில்லுகள் இப்போது வந்துள்ளன. கைப்பேசித் திரையின் ஒளியைச் சரிசெய்பவை இவ்வினத்தைச் சேர்ந்தவையே. பி.எச். 1750 என்னும் சில்லு 1 முதல் 65,535 லக்ஸ் வரை எண்ணாகவே தந்துவிடும். வகுப்பறை மேசைக்குச் சுமார் 300 லக்ஸ் வேண்டும். பள்ளிக்கு நான் சொல்வது இவ்வகையையே. கூரையிலிருந்து உள்வரிசை மேசைகளை நோக்குமாறு அதனைப் பொருத்துக; சன்னலையோ விளக்கையோ அது நேரே காணலாகாது. விளக்கையும் உடனுக்குடன் மாற்றாது, அரை நிமிடச் சராசரி கொண்டு மெல்ல மாற்றுக. இன்றேல் மேகம் போகும்போதெல்லாம் விளக்கு ஏறியிறங்கிக் கண்ணை வருத்தும்.

தேயிலைத் தோட்டப் பாதை விளக்கிற்கு இன்னொரு தொல்லை உண்டு. மூடுபனியில் விளக்கின் ஒளியே சிதறித் திரும்பி உணரியில் விழும். பொழுது விடிந்ததென்று அது விளக்கை அணைக்கும். இருண்டதும் மீண்டும் ஏற்றும். வேலை முடிந்து வருவோரின் வழியில் காட்டெருமை நிற்கும் இம்மலையில் இது விளையாட்டன்று. எனவே உணரியை விளக்கிற்கு மேலே, இடையில் மறைப்புத் தகடு வைத்து, வானை நோக்கிப் பொருத்துக. 20 லக்ஸில் ஏற்றினால் 60 லக்ஸ் வந்தபின்பே அணையுமாறு இடைவெளி விடுக. கண்ணாடி மூடியின் ஓரத்தில் ஈரம் புகாது அடைத்து, பாசி படியாதபடி மாதம் ஒருமுறை துடைத்துவிடுதல் வேண்டும்.