கஞ்சித் தொட்டியும் ஞானஸ்நானமும்

(நாகமலை புதுக்கோட்டையில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



கிறிஸ்தவ மிஷன்காரர்கள் ஏழைகளுக்கும் அகதிகளுக்கும் செய்து வரும் உதவியைப் பற்றி இன்று நாம் பேச வேண்டுமென்று இவ்வூர்த் தோழர்கள் கேட்டுக் கொண்டார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குச் சிலர் வந்து, "பாதிரிமார்கள் சோற்றையும் துணியையும் பள்ளிக்கூடத்தையும் காட்டி மதம் மாற்றுகிறார்கள், அகதி முகாமிலும் நுழைந்து விட்டார்கள், மதத்துக்கு ஆபத்து" என்று கூச்சல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்களாம்.

நாம் எந்த மதத்துக்கும் வக்காலத்து வாங்கிக் கொண்டு வரவில்லை. ஏசு கிறிஸ்து தண்ணீர்மேல் நடந்தார் என்பதையும், சிவபெருமான் வைகைக் கரையில் பிட்டுக்கு மண் சுமந்தார் என்பதையும் நாம் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டுகிறவர்கள். ஆதலால் இரண்டு பக்கத்தாருக்கும் நம்மீது கோபம் வரத்தான் செய்யும். வரட்டும். நாம் சொல்லுவதில் உங்கள் புத்திக்கு ஒத்ததை எடுத்துக் கொண்டு, ஒவ்வாததை இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம்.

இந்த ஊரில் நின்று பேசும்போது எதிரே இருக்கும் மலையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மதுரையை அழிக்கச் சமணர்கள் மந்திரத்தால் ஒரு பாம்பை ஏவினார்களாம், அது நாகமலை ஆயிற்றாம். ஒரு பசுவை ஏவினார்களாம், அது பசுமலை ஆயிற்றாம். திருவிளையாடல் புராணம் சொல்லுகிறது. சரி, மலையாய்ப் போன அந்தப் பசு நம் ஜனங்களுக்கு ஒரு ஆழாக்குப் பால் கறந்ததுண்டா? 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன்காரர்கள் 1845-ல் அந்தப் பசுமலையடியில் ஒரு பாடசாலையைக் கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு 1881-ல் அங்கே கல்லூரி ஏற்பட்டு, அதுதான் இன்று மதுரையில் அமெரிக்கன் கல்லூரியாக இருக்கிறது. பெண் எழுத்துப் படித்தால் வீடு விளங்காது என்று நம் சாஸ்திரக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்தவர்களும் அவர்கள்தான். எதற்காக வைத்தார்கள்? பைபிள் வாசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் வைத்தார்கள். அதை அவர்கள் மறைக்கவுமில்லை. ஆனால் எழுத்துப் படித்தவன் பைபிளை மாத்திரம் படித்துவிட்டு நின்றுவிடுவானா? பத்திரத்தையும் படிப்பான், பத்திரிகையையும் படிப்பான். அந்த அளவுக்கு நாம் அவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று சொல்ல நமக்கு வெட்கமில்லை.

இப்போது பஞ்சத்துக்கு வருவோம். தாது வருஷப் பஞ்சம் என்று உங்கள் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்திலும் அதை ஒட்டிய நோயிலும் தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலுமாக 50 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். தானியமே இல்லாமலா செத்தார்கள்? துறைமுகத்தில் கப்பல் கப்பலாய்த் தானியம் ஏறிக்கொண்டிருந்தது. 1877-ன் ஆரம்பத்தில் வெள்ளைக்கார சர்க்கார் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் என்னும் துரை, நிவாரண வேலையில் மண் சுமக்கிற ஆணுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் மேலே ஒரு அணாவும் போதும் என்று கணக்குப் போட்டான். வந்திக் கிழவியின் பிட்டை வாங்கித் தின்றுவிட்டு, வேலை செய்யாமல் தூங்கிக் கூத்தடித்த சுவாமிக்கு மதுரையில் வருஷா வருஷம் திருவிழா நடக்கிறது. ஒரு ராத்தல் தானியத்துக்கு மெய்யாகவே மண் சுமந்து செத்தானே, அவனுக்கு ஒரு கல்லாவது நட்டிருக்கிறோமா?

அந்தச் சமயத்தில் கோயில்களின் நிலமும் நகையும் எங்கே போயின? சத்திரங்களில் பார்ப்பனருக்கு இலை போட்டுக் கொண்டிருந்த தர்மம் சேரிக்குள் ஏன் கால் வைக்கவில்லை? மதுரையில் ஒரு சங்கதி இன்றும் சொல்லுவார்கள். குஞ்சரத்தம்மாள் என்று ஒரு தாசி, தன் நகையையும் வீட்டையும் விற்றுக் கஞ்சித் தொட்டி வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றினாள் என்று. எந்த ஜாதி, எந்தச் சாமி என்று அவள் கேட்டதாகக் கதையில் இல்லை. அவளைத் தாசி என்று இழிவாய் வைத்திருந்த மதம்தான், பாதிரி கஞ்சி ஊற்றினான் என்று இப்போது கோபித்துக் கொள்ளுகிறது.

பாதிரிமார்களும் கஞ்சி ஊற்றினார்கள். திருநெல்வேலிச் சீமையில் பல்லாயிரம் பேர் அந்தப் பஞ்ச காலத்தில் கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்தார்கள். அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த ஒங்கோலில் நடந்ததைச் சற்று விரிவாய்ச் சொல்லுகிறோம். அங்கே ஜான் கிளஃப் என்னும் அமெரிக்கப் பாதிரி இருந்தார். சர்க்கார் பஞ்ச வேலையாகப் பக்கிங்காம் கால்வாயை வெட்டிக்கொண்டிருந்தது. அந்த வேலைத் தலத்தில் மேஸ்திரிகள் தாழ்த்தப்பட்டவர்களை அடித்து விரட்டுவார்கள், கூலியில் பாதியைத் தின்பார்கள். அவர் மூன்றரை மைல் நீளத்துக்குத் தாமே காண்டிராக்ட் எடுத்தார். தம்முடைய உபதேசியார்களை மேஸ்திரிகளாய்ப் போட்டு, மாதிகர்களை வேலைக்கு வைத்து, ஒழுங்காய்க் கூலி கொடுத்தார். மற்றொன்றும் செய்தார். உதவிப் பணம் கையில் இருக்கிற வரையில் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை என்று நிறுத்தி வைத்தார். சோற்றுக்காக வந்தார்கள் என்ற பெயர் வரக்கூடாதென்ற எண்ணம்தான். உதவி நின்றது. 1878 ஜூலை 3-ந் தேதி ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

இதற்கு நம்முடைய மதப் பிரசாரகர்கள் என்ன சமாதானம் சொல்லுவார்கள்? சோறு நின்ற பிறகும் ஏன் போனார்கள்? கிளஃப் யோக்கியமானவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் நினைத்ததுபோல் அத்தனை பேரும் பரிசுத்த ஆவியைக் கண்டு போனார்கள் என்றும் நாம் நம்பவில்லை. அடிக்காமல், திட்டாமல், கூலியை எண்ணிக் கையில் கொடுத்தவனை அவர்கள் பிறந்தது முதல் பார்த்ததில்லை. பார்த்த இடத்துக்குப் போனார்கள், அவ்வளவுதான். மண்ணை வெட்டியவன் மாதிகன்; கூலிப் பணம் சர்க்காருடையது; காண்டிராக்ட் எடுத்தது ஒரு மனிதன். ஸ்தோத்திரம் மாத்திரம் பரலோகத்துக்குப் போயிற்று! நமக்கும் பாதிரிமார்களுக்கும் உள்ள வழக்கு இந்த ஒரு இடத்தில்தான். மனிதன் மனிதனுக்குச் செய்த காரியத்தை ஏன் கடவுள் பேரில் வரவு வைக்கிறீர்கள்? அப்படி வரவு வைத்தால், பஞ்சம் யார் பேரில் செலவு? மழையைத் தராதவர் யார்?

"சோற்றுக்கு மதம் மாறினவன்" என்று பழிக்கிறார்கள். பால் பவுடருக்கு மாறினவன் என்று கேலி செய்கிறார்கள். சோற்றுக்காக ஒருவன் ஒரு மதத்தை விட்டான் என்றால், அந்த மதத்தில் அவனுக்குச் சோறும் இல்லை, மானமும் இல்லை என்றுதானே அர்த்தம்? தெருவில் நடக்கவிடாத மதத்தை விட்டுப் போகிறவனைப் பார்த்து அழுகிறவர்கள், அவன் இருந்தபோது எங்கே இருந்தார்கள்? மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களும் நாடார்களும் போக முடிந்தது 1939 ஜூலை மாதம். தாது வருஷத்துக்கும் அதற்கும் அறுபது வருஷத்துக்கு மேல் இருக்கிறது. இன்னும் 2002-ல் நம்முடைய சர்க்காரே மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. எதிர்ப்பு எழுந்து 2004-ல் அதைக் கைவிட்டது. ஜாதியைத் தடுக்கச் சட்டம் கேட்டால் சம்பிரதாயம் என்கிறவர்கள், ஜாதிக்குப் பயந்து ஓடுகிறவனைத் தடுக்கச் சட்டம் கேட்கிறார்கள்.

ஆனால், தோழர்களே, ஓடிப்போன இடத்தில் என்ன கிடைத்தது? இதையும் நாம் சொல்லித்தான் ஆக வேண்டும். 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி, இத்தாலிக்காரர், பூணூல் போட்டுக்கொண்டு ரோமாபுரிப் பார்ப்பனர் என்று சொல்லிக்கொண்டு மதத்தைப் பரப்பினார். தொழிற்சாலையில் விதை கெட்டதுபோல் ஆரம்பத்திலேயே ஜாதி உள்ளே போய்விட்டது. அமெரிக்க மிஷன்காரர்கள் இதில் சற்று ரோஷக்காரர்கள். 1847-ல் உபதேசியார்கள் எல்லாரும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றார்கள். பரலோகத்துக்கே போகத் தயாராயிருந்தவர்கள் பந்திக்குப் போகத் தயாராயில்லை. பலர் வேலையை விட்டுப் போனார்கள். வடக்கன்குளம் கோயிலில் ஜாதிக்கு ஒரு பக்கமாய்ச் சுவர் எழுப்பி ஒரே ஏசுவைக் கும்பிட்டார்கள். சுவரை இடித்தது 1910-ல். அதெல்லாம் பழங்கதை என்பீர்களானால், 2008-ல் விழுப்புரம் பக்கத்து எறையூரில் ஜாதிக் கிறிஸ்தவருக்கும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவருக்கும் கலகம் வந்து போலீஸ் துப்பாக்கிச் சூடு வரை போயிற்று. இதற்கிடையில் சர்க்கார், "நீ கிறிஸ்தவன், உனக்கு ஜாதி இல்லை" என்று 1950 உத்தரவைக் காட்டித் தாழ்த்தப்பட்டோர் சலுகையை மறுக்கிறது. சலுகைக்கு ஜாதி இல்லை, சுடுகாட்டுக்கு மாத்திரம் உண்டு!

இந்த ஏற்பாடு நம் நாட்டில் மாத்திரமல்ல. கிழக்கு ஆப்பிரிக்காவில் அடிமை வியாபாரிகள் பிடித்துக் கொண்டுபோன ஜனங்களை இங்கிலீஷ் கப்பல்கள் கடலில் மீட்டுப் பம்பாயில் இறக்கின. அவர்களில் பிள்ளைகளை நாசிக்கில் இருந்த மிஷன் காப்பகத்தில் வைத்துப் படிப்பும் தொழிலும் சொல்லிக் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் தாய் தகப்பன் வைத்த பெயர் போய் ஜேகப் என்றும் வில்லியம் என்றும் பெயர் வந்தது. அந்த நாசிக்கில் படித்த ஜேகப் வெயின்ரைட் என்னும் ஆப்பிரிக்கர்தான், 1873-ல் செத்துப்போன லிவிங்ஸ்டன் பாதிரியின் உடலைக் காட்டு வழியே சுமந்து வந்த கூட்டத்தில் ஒருவர். 1874-ல் லண்டனில் அடக்கம் செய்தபோதும் கூட நின்றார். பிறகு நாசிக்கில் படித்த பலரை மொம்பாசா பக்கத்தில், பம்பாய் கவர்னராயிருந்த பிரியர் துரையின் பேரால் பிரியர் டவுன் என்று ஏற்படுத்திய குடியேற்றத்துக்கு அனுப்பினார்கள். விலங்கை உடைத்தவர்கள் பெயரையும் ஊரையும் சாமியையும் தாங்களே தீர்மானித்தார்கள். விடுதலை அடைந்தவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்றும் கென்யாவில் ககுமா என்ற இடத்தில் 1992 முதல் பெரிய அகதி முகாம் இருக்கிறது. அங்கேயும் கிறிஸ்தவ சங்கங்கள் பள்ளிக்கூடமும் உதவியும் நடத்துகின்றன. ஆனால் நமக்கு ககுமாவைவிட உகாண்டாவின் பேரில்தான் கவனம் போகிறது. அது நம்மைவிட ஏழை நாடு. 15 லட்சத்துக்கு மேற்பட்ட அகதிகளை வைத்திருக்கிறது. 2006-ல் சட்டம் செய்து, அகதி வேலை செய்யலாம், நாட்டுக்குள் போய்வரலாம் என்று எழுதி வைத்திருக்கிறது. குடியிருப்புகளில் பயிரிட நிலத் துண்டும் கொடுத்திருக்கிறது. நிலம் சிறிதுதான், கஷ்டமும் தீரவில்லை. என்றாலும் அது பிச்சையல்ல, பாத்தியதை.

நம் வீட்டைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து பாதிரி வந்து 150 வருஷம் கழித்து, யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் நம் ஜனங்கள் வந்தார்கள். 1983-ல் இலங்கையில் தமிழரைக் கொன்று கொளுத்திய பிறகு படகேறி வந்தவர்கள். மாணிக்கவாசகர் பிறந்ததாகச் சொல்லும் திருவாதவூரில் அவர்களுக்கு ஒரு முகாம், திருமங்கலத்தை அடுத்த உச்சப்பட்டியில் ஒன்று, ஆனையூரில் ஒன்று. தமிழ்நாடு முழுவதும் நூறு முகாம்களுக்கு மேல், 50,000 பேருக்கு மேல். 1980-ல் ஏற்பட்ட ஜேசு சபை அகதிகள் சேவை இந்த முகாம்களில் பிள்ளைகளுக்கு மாலைப் பாடம் நடத்தியது. அகதிகள் தாங்களே 1984-ல் தங்களுக்கென்று ஒரு ஸ்தாபனத்தை ஏற்படுத்திக் கொண்டு படிப்பிலும் சுகாதாரத்திலும் வேலை செய்தார்கள். 2021-ல் நம் சர்க்கார் அகதிகள் முகாம் என்ற பெயரை மாற்றி மறுவாழ்வு முகாம் என்று வைத்தது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று உயர்த்தியது. வீடுகள் கட்டிக் கொடுக்கத் தொடங்கியது. இவையெல்லாம் வேண்டியவைதான், நாம் குறை கூறவில்லை.

ஆனால் நாற்பது வருஷத்துக்குப் பிறகும் அந்த மனிதன் யார்? படகிலிருந்து இறங்கிய பெண்ணுக்கு இங்கேயே பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைக்கும் பிள்ளை பிறந்துவிட்டது. தணிக்கை என்று அதிகாரி வருகிற நாளில் பிழைப்பை விட்டுவிட்டு வந்து தலையைக் காட்ட வேண்டும். 1987 ஜூலைக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் சட்டப்படி இந்த நாட்டுப் பிரஜை; அந்த ஒன்றை ஒப்புக்கொள்ள வைக்கவே முகாமில் பிறந்தவர் மதுரை உயர்நீதிமன்றக் கிளை வரை போக வேண்டியிருந்தது. 2019-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்களே, அதில் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டைச் சொல்லி, ஹிந்து, சீக்கியர், பௌத்தர், ஜைனர், பார்சி, கிறிஸ்தவர் என்று மதத்தைக் கேட்டார்கள். இலங்கைத் தமிழனில் ஹிந்துவும் இருக்கிறான், கிறிஸ்தவனும் இருக்கிறான். இருவருக்கும் இடமில்லை. 2025-ல் ஒரு உத்தரவு போட்டு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்டவர்களை அன்னியர் சட்டத்தின் தண்டனையிலிருந்து விலக்கினார்கள். ஜெயிலுக்குப் போகவேண்டாம் என்பது வேறு, நீ இந்த ஊர்க்காரன் என்பது வேறு.

முகாமில் பாதிரி நுழைந்துவிட்டான் என்று கூச்சலிடும் வீரர்கள் இதற்காக ஒரு நாளாவது கூச்சல் போட்டதுண்டா? அங்கே ஹிந்துவாகவே இருக்கிறவனுக்கு ஒரு ஓட்டு வாங்கிக் கொடுத்தார்களா? பாதிரிமார்களையும் நாம் கேட்கிறோம்: ஜெபத்துக்குக் கூட்டும் அந்த ஜனங்களை மனுக் கொடுக்கக் கூட்டுங்கள். குடியுரிமை கேட்கும் கூட்டத்தில் எங்களோடு நில்லுங்கள். நீங்கள் சிலுவையைப் போட்டுக்கொண்டு நின்றாலும் நமக்கு ஆட்சேபணை இல்லை.

கடைசியாக ஒரு வேலை விஷயம். உச்சப்பட்டி முகாமில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். முகாம் அதிகாரியிடம் அனுமதி வாங்கி, வாரத்துக்கு இரண்டு நாள் போவதென்று தீர்மானித்திருக்கிறோம். பக்கத்தில் பல்கலைக்கழகமும் கல்லூரியும் இருக்கிற ஊர் இது, பி.ஏ., பி.எஸ்ஸி. படித்த வாலிபர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். சம்பளமில்லை, பஸ் சார்ஜு மாத்திரம் உண்டு. பாடம் துவங்கும்போது பிரார்த்தனை கிடையாது. கடவுள் இல்லை என்ற பிரசங்கமும் கிடையாது, கணக்கு மாத்திரம்தான். வர இஷ்டமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்பக்கம் நோட்டுடன் உட்கார்ந்திருக்கும் தோழரிடம் பெயரை எழுதிவிட்டுப் போகவும்.