டாக்டர் படிப்புக்குப் பணம் எங்கே இருக்கிறது?

(பரிசளிப்பு விழாவில் பெற்றோர்களுக்காக ஆற்றிய உரை)



எனக்குக் கொடுக்கப்பட்டிருப்பது கால் மணி நேரம். நடனப் பிள்ளைகள் சலங்கை கட்டிக்கொண்டு பின்னால் நிற்கிறார்கள். ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம், பெரியவனானதும் என்ன ஆகப்போறே என்று கேட்டால் பாதி வகுப்பு "டாக்டர்" என்று கத்துகிறது. ஆறாம் ஆண்டில் கேட்டால் மூன்று நான்கு கை உயர்கிறது. அதே பிள்ளைகளை நான்காம் படிவத்தில் பஸ் நிறுத்தத்தில் பார்த்துக் கேட்டால் சிரித்துக்கொண்டு தலையைக் குனிகிறார்கள். மூளை குறைந்து போய்விட்டதா? இல்லை. இடையில் வீட்டிலே ஒரு பேச்சைக் கேட்டுவிட்டார்கள். "அதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகுமா?" என்ற பேச்சு. அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்லப்போகிறேன்.

நம் நாட்டில் தனியார் கல்லூரியில் மருத்துவம் படித்து முடிக்க இரண்டு லட்சம் வெள்ளிக்கு மேல் ஆகும். சில இடங்களில் நான்கு லட்சத்தையும் தாண்டும். மூன்று லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். 2025-இல் குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அந்தச் சம்பளத்தில் ஒரு காசு செலவழிக்காமல், ஒரு வாய் சோறு தின்னாமல் சேர்த்தாலும் பதினான்கு வருஷத்துக்கு மேல் ஆகும். ஆகவே கட்டுப்படியாகாது என்று நீங்கள் சொல்வது இந்தக் கணக்குக்குச் சரிதான்.

ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம், கிளந்தானில் மருத்துவம் சொல்லிக்கொடுக்கும் அறிவியல் பல்கலைக்கழகம், புத்ரா பல்கலைக்கழகம் என்று அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் பல உண்டு. அங்கே இடம் கிடைத்தால், உண்மையான செலவில் பெரும் பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. மாணவன் கட்டுவது அதில் ஒரு சிறு பங்குதான். இதை யாரும் உபகாரச் சம்பளம் என்று சொல்வதில்லை. என்னைக் கேட்டால், டாக்டர் படிப்புக்கு இந்த நாட்டில் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய உபகாரச் சம்பளம் அந்த ஒரு நாற்காலிதான். பணத்தைத் தேடுவதற்கு முன்னால் அந்த நாற்காலியைத் தேட வேண்டும்.

அதற்கு வழி இரண்டு. ஒன்று ஆறாம் படிவம். ஒன்றரை வருஷம், மூன்று தவணை, எஸ்.டி.பி.எம். சோதனை. இன்னொன்று மெட்ரிகுலேஷன். அங்கே பூமிபுத்ரா அல்லாதார்க்கு நெடுங்காலமாகப் பத்து விழுக்காடு இடம்தான் என்பது உங்களுக்குத் தெரியும். 2024-இல், எஸ்.பி.எம்.மில் பத்து 'ஏ' எடுத்த பிள்ளைகளுக்கு இன வேறுபாடின்றி இடம் உண்டு என்று அரசாங்கம் அறிவித்தது. நல்ல காரியம். ஆனாலும் எட்டு 'ஏ', ஏழு 'ஏ' எடுக்கும் நம் பிள்ளைக்கு ஆறாம் படிவமே கைகொடுக்கும் வழி. "ஆறாம் படிவமா, அது இழுத்தடிக்கும், ரொம்பக் கஷ்டம்" என்று கடைத்திண்ணையில் பேசுகிறவர்களை நம்பாதீர்கள்.

இந்த இரண்டு வழிக்கும் வாசல் நான்காம் படிவத்தில் இருக்கிறது. எஸ்.பி.எம்.மில் உயிரியல், இரசாயனம், பௌதிகம், கணிதம் இவற்றில் குறைந்தது 'பி' இல்லாதவர்களை மருத்துவத்துக்கு எடுக்கக்கூடாது என்பது மலேசிய மருத்துவ மன்றத்தின் விதி. நான்காம் படிவத்தில் பிள்ளை என்னென்ன பாடம் எடுக்கிறது என்று ஒரு பாரம் வீட்டுக்கு வரும். நம் வீடுகளில் அதை இரவு எட்டு மணிக்கு, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறோம். அந்தக் கையெழுத்திலே டாக்டர் படிப்பு போய்விடுகிறது. பிறகு எந்தச் சங்கத்திடம் போய் உபகாரச் சம்பளம் கேட்டு என்ன பயன்? பாரம் வந்தால் எங்களிடம் கொண்டு வாருங்கள். பிள்ளை இந்தப் பள்ளியை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தாலும் பரவாயில்லை, கொண்டு வாருங்கள்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. கட்டணம் குறைவு என்றாலும் தங்கும் செலவு, சாப்பாடு, புத்தகம், ஊருக்குப் போகவர பஸ் காசு எல்லாம் ஐந்து வருஷத்துக்கு வேண்டுமே. முதலில் பொதுச் சேவைத் துறை, அதாவது ஜே.பி.ஏ. மிகச் சிறந்த தேர்ச்சி பெற்றவர்களுக்கு அது உதவுகிறது. படித்து முடித்து அரசாங்கத்துக்கு வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தம் உண்டு. அடுத்து 1997-இல் தொடங்கிய தேசிய உயர்கல்வி நிதிக் கழகம். பி.டி.பி.டி.என். என்றால் எல்லாருக்கும் தெரியும். அது கடன், ஆண்டுக்கு ஒரு விழுக்காடு கட்டணத்தோடு திருப்பிக் கட்ட வேண்டும். விண்ணப்பிப்பதற்குப் பிள்ளை பேரில் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு இருக்க வேண்டும். அதை இப்போதே திறந்து மாதம் பத்து வெள்ளி போட்டு வந்தால் பிற்காலத்தில் ஓட வேண்டியதில்லை.

நம்முடைய சொந்த இடங்களையும் மறந்துவிடக்கூடாது. தோட்டத் தொழிலாளர் சங்கம் அங்கத்தினர் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி செய்கிறது. 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், நம் தாத்தா பாட்டிமார் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டம் வாங்கிய சங்கம் அல்லவா? அதுவும் அங்கத்தினர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி தந்து வருகிறது. பாட்டியின் அங்கத்தினர் புத்தகம் எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள். 1984-இல் அமைந்த எம்.ஐ.இ.டி.யில் கல்விக் கடன் கேட்கலாம்.

ஊழியர் சேமநிதியிலிருந்தும் பிள்ளை படிப்புக்கு எடுக்கலாம். 2024 மே மாதம் முதல் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டது. படிப்புக்கு எடுப்பது செஜாத்ரா கணக்கிலிருந்து. சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனாலும் என் கருத்து, இதைக் கடைசியாகத் தொடுங்கள். ஐம்பத்தைந்து வயதுக்குப் பிறகு லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லும்போது உங்கள் கையில் இருக்கப் போவது அந்தப் பணம் ஒன்றுதான்.

இதிலெல்லாம் நம்மவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் தெரியுமா? மார்க்கிலே இல்லை, பத்திரத்திலே! அப்பாவின் பெயர் அடையாளக் கார்டில் ஒரு மாதிரி, பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, சம்பளச் சீட்டில் இன்னொரு மாதிரி. கல்யாணப் பதிவு செய்யவில்லை. சம்பளச் சீட்டை மாதாமாதம் கிழித்துப் போட்டாயிற்று. எஸ்.பி.எம். முடிவு வந்தபின் விண்ணப்பிக்கக் கொடுக்கும் அவகாசம் சில வாரம்தான். அதற்குள் பதிவிலாகாவுக்கு அலைந்து பெயரைத் திருத்த முடியுமா? குடியுரிமைச் சிக்கல் இருக்கிற பிள்ளையென்றால் சொல்லவே வேண்டாம். அதை ஆறாம் ஆண்டிலேயே கவனிக்க வேண்டும்.

அப்புறம் ஜாமீன். சில இடங்களில் வருமானமுள்ள ஒருவர், இருவர் கையெழுத்துக் கேட்பார்கள். தோட்டத்தில் யார் போடுவார்? சொந்தக்காரன் கூட அன்றைக்கு வேலை இருக்கிறது என்று நழுவிவிடுவான். அவனையும் குறை சொல்ல முடியாது. பிள்ளை கட்டாவிட்டால் அவன் கட்ட வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் இந்தத் தோட்டத்துக்குப் பக்கத்துப் பிரிவில் குலை வெட்டும் ஒருவர், ஏஜெண்டு கொடுத்த காகிதம் ஒன்றோடு என்னிடம் வந்தார். மகள் எஸ்.பி.எம்.மில் நன்றாகச் செய்திருந்தாள். வெளிநாட்டில் டாக்டர் படிப்பு, இடம் உறுதி, முன்பணம் ஐயாயிரம் வெள்ளி, வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. "டீச்சர், தாலிக்கொடியை வைக்கலாம்னு இருக்கேன்" என்றார். அவர் மனைவி வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. அந்தப் பல்கலைக்கழகம் மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று ஏஜெண்டிடம் கேளுங்கள் அண்ணே என்றேன். கேட்டார். பட்டியலெல்லாம் பிறகு வரும் என்று பதில் வந்ததாம். பட்டியலில் இருப்பதே நிலையில்லை. 2005-இல் உக்ரேன் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு இருந்த அங்கீகாரத்தை நம் அரசாங்கம் மீட்டுக்கொண்டபோது எத்தனை பெற்றோர் கலங்கினார்கள்! பட்டியலிலேயே இல்லாததை நம்பி யாராவது கொடியை அடகு வைப்பார்களா?

அந்தப் பெண் ஆறாம் படிவத்துக்குப் போனாள். தினம் காலை ஐந்தே காலுக்கு அப்பாவின் மோட்டார் சைக்கிளில் சாலைமுனை வரை வந்து பஸ் பிடித்தாள். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. கடனும் சங்கத்து உதவியும் சேர்ந்து படிப்பை முடித்தாள். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் ஓர் ஆசிரியரும் அரசாங்க மருத்துவமனையில் வேலை செய்யும் அவள் மாமாவும். இப்போது பயிற்சி டாக்டராக இருக்கிறாள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். டாக்டராகிவிட்டால் உடனே நிரந்தர அரசாங்க வேலை என்ற காலம் போய்விட்டது. 2016 கடைசியிலிருந்து பயிற்சி டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். 2021-இல் அவர்கள் வெளிநடப்புச் செய்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஆகவே இரண்டு மூன்று லட்சம் கடனோடு வெளியே வருகிற பிள்ளைக்கும், சிறிய கடனோடு வருகிற பிள்ளைக்கும் வாழ்க்கை ஒன்றாக இருக்காது. இடம் கிடைக்கவில்லை என்றால் லட்சக்கணக்கில் கடன் வாங்கித்தான் தீர வேண்டும் என்பதில்லை. உதவி மருத்துவ அதிகாரி, தாதி, மருந்தாளர் எல்லாருமே மருத்துவமனையில் வேண்டியவர்கள்தான்.

அடுத்த சனிக்கிழமை முதல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்குப் பள்ளி நூலகத்தில் நானும் இரண்டு ஆசிரியர்களும் இருப்போம். அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சங்கப் புத்தகம் இருந்தால் அதுவும், ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். பெயர் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் அண்ணன், அக்காமார்களையும் கூட்டி வாருங்கள். காலை வேலைக்குப் போகிறவர்கள் பத்திரத்தைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினாலும் போதும்.