கூடி வாங்குவோம், குறைவின்றிக் காப்போம்



மாதச் சம்பளத்தை நம்பி வாழும் நாம், மாதக் கடைசியில் மளிகைக் கடையின் பற்றுக் கணக்கை எண்ணி அஞ்சுகிறோம். கடனுக்குக் கால் கிலோ, அரைக் கிலோ வாங்குவோர் விலை பேச இயலாது. இதனை உணர்ந்தே 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் தொழிலாளர் 28 பேர் கூட்டுறவுப் பண்டகசாலை கண்டனர். 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியிலும் அத்தகைய சங்கம் எழுந்தது.

நாமும் ஐந்தாறு குடும்பங்களாய்க் கூடுவோம். வேலந்தாவளம் சந்தையில் வரத்து மிகுந்து விலை சரியும் நாளில், கைப்பணம் கொடுத்து மொத்தமாய் வாங்கி, நிறுத்துப் பங்கிட்டு, கணக்கெழுதிக் கொள்வோம்.

வாங்கியது அழுகினால் ஆதாயம் ஏது? பீன்ஸ், அவரை, பச்சை மொச்சை ஆகியவற்றைக் கொதிநீரில் 2 அல்லது 3 நிமிடம் இட்டு, உடனே குளிர்நீரில் ஆற்றி, ஈரம் போக்கி, ஒரு வேளை அளவாகப் பொட்டலமிட்டு, மைனஸ் 18 டிகிரியில் உறையவைத்தால் பல மாதம் கெடா. நிறத்தையும் சுவையையும் கெடுக்கும் நொதிகளைக் கொதிநீர் அடக்கிவிடும். தேங்காயைத் துருவி அப்படியே உறையவைக்கலாம். வெள்ளரியும் பச்சை உருளைக்கிழங்கும் உறைந்தால் பதம் கெடும். சின்ன வெங்காயத்திற்குக் காற்றோட்டமே காவல். உறைபெட்டியிலிருந்து எடுத்து இளகியதை மீண்டும் உறையவைத்தல் ஆகாது. மின்சாரம் நெடுநேரம் தடைப்படும் ஊரில் அளவோடு வைப்பதே அறிவுடைமை.

மலிவென்று வேண்டாததைக் குவிப்பதும் சிக்கனமன்று. மிஞ்சும் தொகை கடனை அடைக்கட்டும். பின்னர் நம் பிள்ளைகளின் கையில் தமிழ்ப் புத்தகமாய் மலரட்டும்!