மறைத்து ஓடாதீர்கள்

(சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)

நான் ஏ.எல். வரை படித்த ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

போன வருசம் பஸ் ஓட்ட விரும்பி ஹெல்செ அட்டெஸ்ட் எடுக்க வெளிக்கிட்டேன். காருக்கு இரண்டு கண்ணும் சேர்த்து 0.5 பார்வை போதும். பஸ், லொறிக்கு நல்ல கண்ணில் 0.8, மற்றதில் 0.1 வேணும். கண்ணாடி போட்டும் பார்க்கலாம். அதில் எனக்குப் பிரச்சினை இல்லை.

படிவத்தில் நித்திரை பற்றியும் கேட்டிருந்தது. எனக்குப் பகலில் கண் சொருகும். கூட வேலை செய்யிற அண்ணை ஒருவர், "இல்லை எண்டு போடடா, சொன்னா லைசென்ஸ் கிடையாது" என்றார். மனிசி விடவில்லை. "இரவில உங்கட மூச்சு நிண்டு நிண்டு வருது. நீங்கள் ஓடுற பஸ்ஸில எங்கட பிள்ளையும் ஏறுமப்பா" என்றா.

டொக்டரிடம் உள்ளதைச் சொன்னேன். சோதித்தபோது நித்திரையில் மூச்சுத் தடைப்படும் வருத்தம் என்று தெரிந்தது. இப்போ இரவில் மெசின் பூட்டிப் படுக்கிறேன். பகல் நித்திரை போய்விட்டது. மாசியில் அட்டெஸ்டும் கிடைத்தது. ஒழுங்காகச் சோதனைக்குப் போக வேணும், அவ்வளவுதான்.

சலரோகமும் இப்படித்தான். அது எங்கட ஆக்களுக்குக் கூட என்று 2002 இல் ஒஸ்லோவில் நடந்த குடியேறியோர் சுகாதார ஆய்விலேயே தெரிந்தது. கட்டுப்பாட்டில் வைத்திருந்தால் ஓட வழி உண்டு. மறைத்தால் பின்னாலிருக்கும் ஐம்பது பேருக்கும் ஆபத்து.

பெரிய வாகன லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும் சகோதரர்களே, உள்ளதைச் சொல்லுங்கோ. அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.