வழக்கும் வெட்டுக்காசும்



கவிஞர் நிறைந்த அவையில் 'வழக்கு' என்னும் சொல்லிலிருந்து தொடங்குவது பொருந்தும். உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்று இலக்கணம் ஆளும் அச்சொல்லையே நீதிமன்றத்தில் தொடுப்பதற்கும் தமிழர் வைத்துக்கொண்டனர். முன்னது மக்கள் நடந்து பதிந்த தடம். பின்னது வக்கீல் வைத்து நடத்துவது. காளையார்கோவில் வட்டாரத்து எளிய மக்கள் இரண்டிலும் கால் வைத்தே நியாயம் தேடுகின்றனர்.

காளையார்கோவிலிலிருந்து சிவகங்கை செல்லும் வழியில், கொல்லங்குடியை அடுத்து வெட்டுடையார் காளியம்மன் கோயில் உள்ளது. வேலு நாச்சியாரைக் காட்டிக்கொடுக்க மறுத்து வெட்டுண்ட உடையாளின் நினைவு அக்கோயிலோடு பிணைந்தது என்பது செவிவழிச் செய்தி. வஞ்சிக்கப்பட்டோர் அங்கே காசு வெட்டிப் போடுகின்றனர். புரோநோட்டு எழுதி வாங்காமல் கொடுத்த கடன், சாட்சியின்றிக் களவுபோன நகை போன்றவற்றோடு கோர்ட்டுக்குப் போனால் முதற்கேள்வியே ஆதாரம் எங்கே என்பதுதான். காளி அதைக் கேட்பதில்லை. ஆயின் பொய்யாய் வெட்டினால் வெட்டியவரையே தாக்கும் என்னும் அச்சம் உண்டு. கூண்டிலேறிப் பொய்ச்சாட்சி சொல்லத் துணிந்தவரும் இங்கே தயங்குவர்.

இதனை மூடநம்பிக்கை என்று தள்ளுவது எளிது. சட்டமே ஒரு காலத்தில் அவ்வாறு தள்ளவில்லை. 1873ஆம் ஆண்டுப் பிரமாணச் சட்டத்தின்படி, எதிராளி இன்னவாறு சத்தியம் செய்தால் கட்டுப்படுவதாக ஒருவர் முன்வரலாம். எதிராளி இசைந்து சத்தியம் செய்துவிட்டால் அவர் சொன்னதே முடிந்த சான்று. 1969ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் வைக்கவில்லை.

காலமும் ஒரு காரணம். 1829இல் கௌரி வல்லபத் தேவர் மறைந்தபின் எழுந்த சிவகங்கை ஜமீன் வாரிசு வழக்கு, 1863இல்தான் லண்டன் பிரிவி கவுன்சிலில் காத்தம நாச்சியார் பக்கம் தீர்ந்தது. அரண்மனைக்கே 34 ஆண்டுகள்! கூலியாள் எத்தனை வாய்தாவுக்கு நடப்பார்?

எனினும் வெட்டுக்காசின் குறையையும் சொல்லியாக வேண்டும். எதிராளி மறுமொழி சொல்ல அங்கே இடமில்லை, கேட்காமலே குற்றவாளியாகிறார். வெட்டிய காசு கொடுத்த கடனை மீட்டுத் தருவதுமில்லை. மனம் ஆறும், கை வெறுமையாகவே இருக்கும். பெண் எவராயினும், வருமானம் பாராமல், கட்டணமின்றி வக்கீல் உதவி பெறலாம் என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம். கொல்லங்குடிக்குப் பஸ் ஏறும் பெண்ணிடம் அதை யாரேனும் எடுத்துச் சொல்லியிருந்தால், வெட்டிய காசோடு சிவகங்கைக் கோர்ட்டுக்கு ஒரு மனுவும் எழுதப்பட்டிருக்கும்.